சகலதுறை ஆட்டக்காரரின் ஒரு வேலைநாள்

எங்கள் சிகிச்சைக்கூடத்துக்குள் ஒரு கூரை இருந்தது. கட்டடத்தின் கூரையைச் சொல்லவில்லை, அது மேலே தன் பாட்டில் இருந்தது. நான் சொல்வது தரையில் சரிவாக நிறுத்தி உண்மையான ஓடு வேய்ந்த ஒரு கூரைத்துண்டு. பக்கத்தில் தெருக்கல் பதிக்க ஒரு மணல் பாத்தி, பார ஊர்தியின் சாரதி இருக்கை ஒன்று, மண் நிரப்பிய பொம்மை படுத்திருக்கும் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று. வேலையில் விழுந்து உடைந்து வருகிறவர்களைத் திருத்தித் திரும்ப வேலைக்கு அனுப்புவதுதான் எங்கள் தொழில். கூரை வேய்பவர் அந்தக் கூரையில் நின்று காட்டவேண்டும். தாதி அந்தப் பொம்மையைப் புரட்டிக் காட்டவேண்டும். அதற்குப் பிறகுதான் கையெழுத்து.

ஜேர்மனியின் எசன் நகரில் ஒரு கலியாண வீட்டில், பிசியோதெரபிக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்யும் இரண்டு பிள்ளைகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அன்ரி, இப்ப உடம்பில சென்சர் ஒட்டிக் கொம்பியூட்டரில பாக்கிறம். அந்தக் கூரையைக் கழட்டிப் போட்டினம்" என்றாள் ஒருத்தி. மற்றவள், "நீங்கள் ஆரும் பெரிய விளையாட்டுக்காரரைப் பாத்திருக்கிறியளோ?" என்று கேட்டாள். கூரையைக் கழற்றியதில் எனக்குப் பெரிய கவலை இல்லை. அதன் தூசியைத் துடைத்தவள் நான். விளையாட்டுக்காரரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், பிள்ளைகள் புரியாணியைக் கண்டதும் என்னை மறந்துவிட்டார்கள். மீதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அகதியாக வந்தேன். முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை செய்தேன். அங்கே படுக்கையில் கிடந்தவர்களை எழுப்பி நடக்கவைத்த பெண்ணைப் பார்த்து, இது எனக்கும் ஏலும் என்று நினைத்தேன். அவுஸ்பில்டுங்கில் தசைகளின் பெயரெல்லாம் லத்தீன். அது எல்லோருக்கும் அந்நிய மொழி என்பதால், அந்த ஒரு பாடத்தில் மட்டும் நானும் ஜேர்மன் பிள்ளைகளும் ஒரே வரியில் நின்றோம். இதற்குள் நேசனைக் கட்டிக்கொண்டதால் வேலையிடத்தில் ஃபிராவ் நேசன், அதாவது திருமதி நேசன், ஆனேன்.

எங்கள் சிகிச்சைப் பிரிவுக்குத் தலைவர் ஹெர் ப்ரிங்க்மான். நெட்டையான மனிதர். திறந்திருக்கும் கதவையும் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, பாராட்டியும் கேட்டதில்லை. எந்த நோயாளியைக் கொண்டுபோனாலும் அவரிடம் மூன்று கேள்விகள் இருந்தன. என்ன வேலை? எந்த ஒழுங்கில்? யார் உதவுகிறார்கள்? மூன்றாவது கேள்விதான் அவருக்கு முக்கியம். கூட ஒருவர் கைகொடுத்துச் செய்த வேலையை அவர் கணக்கில் சேர்க்கமாட்டார். ஊன்றுகோலோடு வருபவருக்கு நாங்கள் கதவைத் திறந்துவிடுவதும் அவருக்குப் பிடிக்காது. தொடக்கத்தில் இந்த மனிதருக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று வீட்டுக்கு வந்து திட்டியிருக்கிறேன்.

பிறகு ஒரு கூரைக்காரர் வந்தார். எங்கள் கூரையில் நின்று ஓடுகளை அழகாக அடுக்கினார். ஓட்டைக் கீழேயிருந்து எடுத்துக் கொடுத்தது கூட வந்த மச்சான். ப்ரிங்க்மான் மச்சானைக் கோப்பி குடிக்க அனுப்பினார். அடுத்த ஓட்டை எடுக்கக் குனிந்த கூரைக்காரர் குனிந்தபடியே நின்றுவிட்டார். அந்த மனிதரை அப்படியே வேலைக்கு அனுப்பியிருந்தால் நாலாம் மாடியிலிருந்து விழுந்திருப்பார். அன்றைக்குப் பிறகு ப்ரிங்க்மானைத் திட்டுவதைக் குறைத்துக்கொண்டேன்.

எங்கள் ஆட்களோடுதான் அவருக்குப் பெரும்பாடு. ஒரு தமிழ் நோயாளிக்குத் தெர்மின் என்று வரவேண்டிய நேரம் கொடுத்தால் நாலு பேர் வருவார்கள். ஒருவர் பையைப் பிடிப்பார், ஒருவர் தண்ணீர்ப் போத்தலைத் திறப்பார், ஒருவர் நோயாளிக்குப் பதிலாக எங்கே நோகிறது என்று சொல்வார். "ஃபிராவ் நேசன், உங்கள் ஆட்களில் நோயாளி எப்போதாவது தனியாக இருப்பாரா?" என்று ஒருநாள் கேட்டார். "செத்த பிறகு இருப்பார், அதுவும் சந்தேகம்" என்றேன். அவர் சிரித்ததை நான் கண்டது அன்றைக்குத்தான்.

ஜோயல் வந்தது நான் ஓய்வுபெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு. அவர் அவுஸ்திரேலியர், கிரிக்கெட் சகலதுறை ஆட்டக்காரர், முப்பதுகளின் நடுவுக்கு வந்தவர். அவருடைய தாயின் பெற்றோர் ஜேர்மனியிலிருந்து கப்பலேறிப் போனவர்கள், மனைவி எசன்காரி. இங்கே ஒரு கழகத்தில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் சம்பளத்துக்கு இருந்தார். பயிற்சியின்போது பந்துவீசி இறங்கியவர் அப்படியே மடிந்து விழுந்திருக்கிறார். வேலையில் நடந்த விபத்து என்பதால் எங்களிடம் அனுப்பினார்கள். இடுப்பு முள்ளந்தண்டின் அடி எலும்பில், இடது பக்கம், ஒரு மயிரிழை வெடிப்பு. வலக்கையால் வேகமாகப் பந்துவீசுபவர்களுக்கு அந்த இடம்தான் வெடிக்கும். இடது காலை ஊன்றி, முழு உடம்பையும் அந்தப் பக்கமே சாய்த்துத் திருகி இறங்குவதால் பாரம் எல்லாம் அங்கே விழுகிறது. எலும்பு பொருந்திய பிறகு எங்களிடம் வந்தார்.

ப்ரிங்க்மான் என்னைக் கூப்பிட்டார். "உங்கள் கணவர் இதை விளையாடுகிறார் அல்லவா? இவருக்கு என்ன வேலை?"

துடுப்பால் அடிப்பது ஒரு வேலை, பந்து வீசுவது இன்னொரு வேலை, பெரும்பாலும் ஒருவர் ஒன்றைத்தான் செய்வார், இவர் இரண்டையும் செய்வார் என்றேன்.

"எந்த ஒழுங்கில்?"

"நாணயம் சுண்டித் தீர்மானிப்பார்கள்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு வேலையின் ஒழுங்கை நாணயம் தீர்மானிப்பது அவருக்கு ஒழுக்கக்கேடாகவே பட்டிருக்கவேண்டும். பிறகு, "கடினமான ஒழுங்கு எது?" என்று கேட்டார். முதலில் நெடுநேரம் துடுப்பாடி, ஓடிக் களைத்து, பிறகு பந்து வீசுவது என்றேன். "அப்படியென்றால் அதுதான் ஒழுங்கு" என்று எழுதிக்கொண்டார்.

கூடத்தின் தரையில் வெள்ளை நாடா ஒட்டிப் பந்துவீசும் கோடு போட்டேன். கூரைக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் நடுவே ஒரு அவுஸ்திரேலியர் பந்து வீசுவதைப் பார்க்க மற்ற நோயாளிகள் ஊன்றுகோலோடு வந்து நிற்பார்கள். முதலில் நின்ற இடத்திலிருந்து வீசுவது. அது நோகாவிட்டால் ஒரு எட்டு வைத்து, பிறகு நடந்து, பிறகு ஓடி. ஒவ்வொரு படிக்கும் நடுவே இரண்டு நாள் இடைவெளி, ஏனென்றால் எலும்பு உடனே முறையிடாது. ஒற்றைக்காலில் நிற்கவைத்துப் பின்னால் வளையச் சொல்லி, இடது இடுப்பில் என் பெருவிரலை வைத்துக்கொண்டு தசை துள்ளுகிறதா என்று பார்ப்பேன். முகத்தை நான் பார்ப்பதில்லை. தொழில்முறை ஆட்டக்காரர்கள் முகத்தால் பொய் சொல்லப் பழகியவர்கள். நோவு வந்தால் ஊன்றும் காலின் முழங்கால்தான் கொஞ்சம் இளகும், இறங்கும் பாரத்தை முதுகுக்கு விடாமல் தானே வாங்கிக்கொள்ளப் பார்க்கும். அதைக் கண்ணாடியில் பார்த்தாலும் ஆளுக்குத் தெரியாது.

பயிற்சி நடக்கும்போது தன் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னார். பாதி ஆங்கிலம், பாதி ஜேர்மன். பத்தொன்பது வயதில் மாநில அணிக்குள் போனவர். ஒருமுறை தேசிய அணியோடு பயணம் போனார், ஆனால் மைதானத்துக்குள் போனது மற்றவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகத்தான். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. பிறகு இங்கிலாந்தில் ஒரு கோடை, கரீபியனில் ஒரு மாதம், டாக்காவில் ஒரு மாதம் என்று பெட்டியைப் பிரிக்காமலே வருடங்கள் போயின. ஒரு அணியில் ஐந்தாவதாக அடிக்கப் போவார், அடுத்த அணியில் எட்டாவதாக. ஒரு இடத்தில் முதல் ஓவர் போடுவார், இன்னொரு இடத்தில் வேறு யாரும் அடிவாங்க விரும்பாத கடைசி ஓவர். "துடுப்பாட்டக்காரர் குறைந்தால் என்னைக் கூப்பிடுவார்கள், பந்துவீச்சாளர் குறைந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள்" என்றார். அதைப் பெருமையாகச் சொன்னாரா குறையாகச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை.

அப்போது அவருக்கு வெளிநாட்டு லீக் ஒன்றிலிருந்து ஒரு அழைப்பு வந்திருந்தது. ஒரு பருவம் மட்டும். அவருடைய வயதில் இன்னொன்று வராது என்று அவருக்கும் தெரியும். துடுப்பாடவும் பந்து வீசவும் முழுத்தகுதி என்று எங்கள் மருத்துவமனை உறுதிப்படுத்தவேண்டும் என்பதுதான் அவர்களுடைய ஒரே நிபந்தனை.

"பந்து வீசாமல் போக ஏலாதோ?" என்று கேட்டேன்.

பயிற்சிக்கான ரப்பர் பட்டியைக் காலில் மாட்டி இழுத்துக்கொண்டே சொன்னார்: "அடிக்க மட்டும் என்றால் என்னைவிட நல்லவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பந்துவீச மட்டும் என்றாலும் அப்படித்தான். இரண்டையும் சேர்த்தால்தான் நான். ஒன்றை எடுத்தால் பாதி ஆட்டக்காரன் மிஞ்சுவான் என்று நினைக்காதீர்கள். ஒருவரும் மிஞ்சமாட்டார்."

எனக்கு அது சுட்டது. என் அண்ணன்மார் கிரிக்கெட் வெறியர்கள், கட்டியவரும் அப்படியே. இந்த மனிதர் திரும்பவும் பந்து வீசவேண்டும் என்று நான் மனதார விரும்பினேன். விருப்பம் வேறு, பெருவிரல் சொல்வது வேறு என்று என்னை நானே அடக்கிக்கொண்டிருந்தேன். ஆனால் பெருவிரலும் நல்லதாகவே சொல்லிக்கொண்டிருந்தது. கூடத்துக்குள் அவர் முழு ஓட்டத்தில் வந்து வீசினார், ஒரு குறையும் இல்லை.

ப்ரிங்க்மானுக்குக் கூடம் போதாது. "இது வேலையின் ஒரு துண்டு. எனக்கு முழு வேலைநாள் வேண்டும்" என்றார். கூரைக்காரர்களை உண்மையான கட்டடத்துக்கும் தாதிமாரை உண்மையான விடுதிக்கும் அனுப்பி அவரே போய் உட்கார்ந்து பார்ப்பது வழக்கம். ஜோயலின் கழகம் அந்த நேரம் வெளியூர் போயிருந்தது. "எங்கட வீட்டுக்காரரின்ர கழகம் ஞாயிற்றுக்கிழமையில விளையாடுது" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். அதை ஜேர்மனில்தான் சொன்னேன், ஆனால் மனதுக்குள் அப்படித்தான் கேட்டது.

நேசனுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. "அவுஸ்திரேலியா புரொபெஷனல் எங்கட கிரவுண்டுக்கு வாறானோ? நிசமாவோ?"

"விளையாட்டுக் காட்ட வரேல்ல. அவற்ற முதுகைச் சோதிக்க வாறம். வழமையா எப்பிடி விளையாடுவியளோ அப்பிடியே விளையாடுங்கோ. ஒருதருக்கும் ஒண்டும் சொல்லாதேங்கோ."

"ஓம் ஓம். நான் ஆருக்குச் சொல்லப்போறன்?"

டோர்ட்மண்ட் நகரிலிருந்துகூடக் கார்களில் ஆட்கள் வந்திருந்தார்கள். அவர் யாருக்குச் சொல்லாமல் விட்டார் என்பதுதான் எனக்கு இன்னும் தெரியாது.

எசனில் நகரசபையின் புல்வெளியொன்றில், ஆடுகளத்துக்குப் பாய் விரித்து விளையாடுவார்கள். ப்ரிங்க்மான் மடக்குக் கதிரையும் வேகம் அளக்கும் கருவியும் சுடுதண்ணீர்ப் போத்தலுமாக வந்து எல்லைக்கோட்டருகே உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ரோல்ஸ் ஒரு தட்டு, முட்டை வைத்துப் பொரித்த மிதிவெடி ஒரு தட்டு வந்தது. மிதிவெடியின் பெயருக்கு என்ன அர்த்தம் என்று யாரோ ஒரு தங்கச்சி ஜேர்மனில் விளங்கப்படுத்த, மனிதர் அதைக் கண்ணிவெடி அகற்றுபவர் போலத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவைத்தார். பிறகு சாப்பிட்டார், இன்னொன்றும் எடுத்தார்.

நேசனின் அணி பந்து வீசியது, மற்ற அணியில் ஜோயல் துடுப்பாட இறங்கினார். பந்து வீச வந்தது றெஜி. மன்னார்ப் பொடியன், டோர்ட்மண்டில் பஸ் ஓட்டுகிறான். அந்த வட்டாரத்திலேயே வேகமாகப் போடுகிறவன். மற்ற நாட்களில் மைதானத்தின் மதில் ஓரத்திலிருந்து ஓடிவருபவன் அன்றைக்கு நாலு எட்டு வைத்து, குழந்தைக்குப் பழம் உருட்டுவது போல ஒன்று போட்டான். ஜோயல் அதை மரங்களுக்கு மேலால் அடித்தார். அடுத்ததும் அப்படியே. ஊரே கைதட்டியது. அடுத்த ஓவரில் பந்து இடைவெளியால் ஓடியது. இரண்டு ஓட்டம் எடுக்கலாம். நடுவராக நின்ற எங்கள் ஆள் கையை நீட்டி "நில்லுங்கோ, நில்லுங்கோ, ஓடாதேங்கோ" என்றார். பந்தைத் துரத்திப் போனவர் எல்லைக்கோட்டருகே அதைப் பிடிக்காமல், காலால் மரியாதையாகக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டார். நாலு ஓட்டம். ஓவர் முடிந்ததும் ஒருவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு நடு மைதானத்துக்கு ஓடினார், இன்னொருவர் குடையோடு பின்னால் போனார்.

ப்ரிங்க்மான் என் பக்கம் திரும்பினார். "ஃபிராவ் நேசன், இந்த விளையாட்டில் அடிப்பவருக்குக் கதிரை கொடுப்பது வழக்கமா?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். முதுகு வருத்தக்கார மனிதன், விருந்தாளி, அதுவும் வெள்ளைக்காரன். எங்கள் ஆட்களால் அவனை வெயிலில் ஓடவிட ஏலுமா? நல்ல மனம்தான், அதில் ஒரு கள்ளமும் இல்லை. ஆனால் எனக்கு உண்மையில் உறைத்தது கதிரையில் இருந்த ஜோயலின் முகம். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. இப்படியே போனால் முதுகுக்கு ஒரு வேலையும் இல்லாமல் நாள் முடிந்துவிடும். அவர் என் பக்கம் பார்க்காமல் கையுறையின் பட்டியைக் கழற்றித் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தார்.

நான் மைதானத்துக்குள் இறங்கி நடந்தேன். ஆட்டம் நடக்கும்போது ஒரு பெண் பாய் வரைக்கும் போனது அந்தக் கழகத்தில் அதுதான் முதல்முறை என்று பிறகு சொன்னார்கள்.

"என்ன நீர், மாட்ச் நடக்குதெல்லே!" என்று நேசன் ஓடிவந்தார்.

"இஞ்சருங்கோ, இது மாட்ச் இல்லை, சோதினை. றெஜியை வழமை மாதிரிப் போடச் சொல்லுங்கோ."

"வருத்தக்காரனுக்கு வேகமாப் போடச் சொல்லுறீரோ?"

"ஓம். அதுக்குத்தான் வந்தவர்."

றெஜி பந்தைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான். "அக்கா, மனுசனுக்கு முதுகு ஏலாது. பட்டால் பாவமெல்லே?"

"அந்தப் பாவத்தை எனக்குத் தா தம்பி. நீ மதிலடியில இருந்து வா. கதிரையைக் கொண்டுபோங்கோ. பந்தைக் காலால தள்ளுற ஆள் ஆரெண்டாலும் இண்டைக்குச் சாப்பாடு இல்லை."

ஜோயலுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கதிரை போவதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நன்றிப் பார்வை இல்லை அது.

ப்ரிங்க்மான் தன் தாளில் கோடு கிழித்துப் புதிதாகத் தொடங்கினார். றெஜியின் முதல் பந்து ஜோயலின் தொடையில் பட்டது. மைதானம் முழுக்க "ஐயோ" என்றது. அதற்குப் பிறகு நான் பார்த்தது வேறொரு மனிதரை. காலை நகர்த்தி, தலையைத் தாழ்த்தி, பந்தைக் கண்ணுக்கு நேர் கீழே வரவிட்டு அடித்தார். ஒன்றை இரண்டாக்கினார், இரண்டை மூன்றாக்கினார், குப்புற விழுந்து துடுப்பை நீட்டிக் கோட்டைத் தொட்டார், எழுந்து அடுத்த பந்துக்கு நின்றார். எங்கள் பொடியள் பரிதாபத்தை மறந்து, அவரை எப்படியாவது ஆட்டமிழக்கவைக்கவேண்டும் என்று கத்தத் தொடங்கினார்கள். அவ்வளவு நல்ல துடுப்பாட்டத்தை நான் அத்தனை கிட்ட நின்று பார்த்ததில்லை. வேலையை மறந்து கைதட்டினேன். ப்ரிங்க்மான் கண்டும் காணாதது போல இருந்தார்.

இடைவேளையில் அவரைப் படுக்கவிடவில்லை, உண்மையான ஆட்டத்தில் என்ன செய்வாரோ அதைத்தான் செய்யலாம். பிறகு பந்துவீச்சு. லீக்கில் போல நாலு ஓவர், இரண்டு இரண்டாகப் பிரித்து. முதல் இரண்டில் ஒரு குறையும் இல்லை. முதலாவது ஓவரிலேயே நேசனின் நடுக்குச்சி பறந்தது. "பந்து கண்ணுக்கே தெரியேல்ல" என்று அவர் பெருமையோடு எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரும்பிவந்தார்.

பிறகு களத்தடுப்பு, நின்றது, ஓடியது. அதற்குப் பிறகு அடுத்த இரண்டு. மூன்றாவது ஓவரின் நடுவில் இடது முழங்கால் இளகியதைக் கண்டேன். ஒரு பந்தில்தான். அடுத்ததில் இல்லை. அதற்கடுத்ததில் திரும்பவும். அந்தப் பந்தில்தான் றெஜி பிடிகொடுத்து ஆட்டமிழந்தான். எல்லோரும் ஓடிப்போய் ஜோயலைக் கட்டிப்பிடித்தார்கள், ஆட்டமிழந்த றெஜியும் கட்டிப்பிடித்தான்.

ப்ரிங்க்மான் கருவியைக் காட்டினார். "வேகம் அப்படியே இருக்கிறது. நான் வித்தியாசம் ஒன்றும் காணவில்லை."

கருவியின் இலக்கத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். பொய் சொல்ல யோசித்தேன் என்று இல்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்து சொல்வதற்கு அந்தளவு நேரம் எடுத்தது. "இடது முழங்கால். இரண்டு தரம்" என்றேன்.

நாலாவது ஓவரை அவர் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "இருக்கலாம். எனக்கு நிச்சயம் இல்லை" என்றார். அவருக்கு நிச்சயம் இல்லாத ஒன்றை அவர் ஒருநாளும் எழுதமாட்டார்.

ஜோயல் வேர்வை வடிய வந்தார். "நான் தேறிவிட்டேனா?"

"வேலைநாள் இன்னும் முடியவில்லை. நாளைக் காலை எட்டு மணிக்கு வாருங்கள். முதுகு என்ன சொல்கிறது என்று தூங்கி எழுந்த பிறகுதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, ப்ரிங்க்மான் கதிரையை மடக்கினார்.

கார் நிறுத்திய இடத்துக்கு நான் போகும்போது ஜோயல் கூட வந்தார். ஆங்கிலத்தில், மெல்ல, "நீங்கள் கண்டீர்கள்" என்றார்.

"ஓம்."

"அவர் காணவில்லை."

"இல்லை."

"அப்படியானால்..."

"நான் சொல்லிப்போட்டன்" என்று தமிழில் வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் திரும்பிப் போய் எங்கள் பொடியளோடு பாயைச் சுருட்டக் கை கொடுக்கப் போனார். "விடுங்கோ அண்ணை, நாங்கள் சுத்துறம்" என்றார்கள். மற்ற நேரமென்றால் விட்டிருக்கமாட்டார். அன்றைக்கு விட்டுவிட்டு நின்றார்.

மறுநாள் காலை சரியான நேரத்துக்கு வந்தார். நடை நேராக இருந்தது. கதவைத் தானே திறந்தார், வணக்கம் சொன்னார், சிரித்தார். ப்ரிங்க்மான் ஒரு முக்காலியைக் காட்டி, "உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றுங்கள்" என்றார். எல்லோருக்கும் மறுநாள் காலையில் அவர் வைக்கும் கடைசிச் சோதனை அதுதான். கூரைக்காரருக்கும் தாதிக்கும் அதே.

ஜோயல் உட்கார்ந்தார். வலது காலைத் தூக்கி இடது முழங்காலில் போடப் பார்த்தார், அது பாதியில் நின்றது. குனியப் பார்த்தார். கை முழங்காலுக்குக் கீழே போகவில்லை. முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு இருந்தது, அது எப்போது போனது என்று நான் பார்க்கவில்லை. சப்பாத்து நாடா இரட்டை முடிச்சாகக் கட்டியிருந்தது.

"காலையில் மனைவிதான் கட்டிவிட்டாள்" என்றார். "நாடா இல்லாத செருப்பைத்தான் அவள் எடுத்துவைத்தாள். நான்தான் வேண்டாம் என்று சொன்னேன்."

ப்ரிங்க்மான் பேனாவின் மூடியைக் கழற்றினார். பிறகு, "ஃபிராவ் நேசன், இப்போது உதவலாம்" என்றார்.

நான் முழந்தாளிட்டு முடிச்சுகளை அவிழ்த்தேன். ப்ரிங்க்மான் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேசையில் எழுதினார். துடுப்பாட்டம் செய்யலாம், களத்தடுப்பும் செய்யலாம், பந்துவீச்சு செய்யக்கூடாது. எழுத இவ்வளவுதான் இருந்தது, ஆனால் மற்றச் சப்பாத்தும் கழன்ற பிறகுதான் திரும்பினார். எனக்கு அழுகை வந்தது. நோயாளிக்கு முன்னால் அழக்கூடாது என்று அவுஸ்பில்டுங்கில் சொல்லித்தந்தது நல்லதாய்ப் போயிற்று.

லீக் அணியிலிருந்து மரியாதையான பதில் வந்தது. நன்றி, நல்வாழ்த்துகள், வேறொருவரை எடுத்துக்கொண்டோம். ஜோயல் தன் கழகத்தில் பயிற்சியாளராகவே தொடர்ந்தார். சிகிச்சைக்கு ஒழுங்காக வந்தார், சொன்னதைச் செய்தார், முன்புபோலக் கதை மட்டும் சொல்லவில்லை.

கோடை முடிகிற நேரம் நேசன் அவரைக் குடும்பத்தோடு எங்கள் மைதானத்துக்குக் கூப்பிட்டார். வருவார் என்று நான் நினைக்கவில்லை. மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு, துடுப்புப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பந்துவீசும் சப்பாத்து அதற்குள் இருக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். நேசனுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

"அண்டைக்கு நாங்கள் முதல் போட்ட மாதிரியே மெதுவாப் போட்டுக்கொண்டு இருந்திருந்தா நீங்கள் பாஸ், என்ன?" என்று தமிழில் என்னிடம் சொல்லி, ஜோயலிடம் கேட்கச் சொன்னார். நான் மொழிபெயர்க்கமாட்டேன் என்றதும் தன் ஜேர்மனில் தானே கேட்டுவிட்டார்.

"கட்டாயம்" என்றார் ஜோயல். "கதிரை வந்தது. இன்னும் கொஞ்சம் இருந்திருந்தால் கட்டிலும் வந்திருக்கும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நேசன் விடவில்லை. "அப்ப இவவில உங்களுக்குக் கோவமோ?" கோபம் என்பதற்கு ஜேர்மன் சொல்லையும் சேர்த்துக் கேட்டார்.

ஜோயல் என் பக்கம் திரும்பினார். பொடியளோடு திரிந்து எங்கள் சொல் ஒன்றிரண்டு பழகியிருந்தார்.

"ஓம்" என்றார்.

பகிடி என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. "அது நியாயம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "ஆனால் நாளைக்கு நடந்தாலும் அதைத்தான் சொல்லுவேன்."

"தெரியும்" என்றார். தேத்தண்ணியை வாங்கி நின்றபடியே குடித்து முடித்தார். பிறகு துடுப்பை எடுத்துக்கொண்டு ஆட இறங்கியவர், பந்தோடு நின்ற றெஜியைப் பார்த்து மதில் பக்கம் கையைக் காட்டினார். றெஜி மதிலடிக்குப் போகும்வரை காத்து நின்றார்.